மௌனம் சம்மதமல்ல

போன ஐப்பசியில் எங்கள் சமையலறையில் ஆர்.ஓ. மெஷின் மாட்ட ஒரு தம்பி வந்தார். சிங்குக்கு மேலே பென்சிலால் இரண்டு புள்ளி வைத்துவிட்டு டிரில்லிங் மெஷினைக் கையில் எடுத்தார். "ஒரு நிமிஷம் தம்பி" என்று உள்ளே போய் என் புதுச் சொத்தை எடுத்து வந்தேன். கைக்கு அடக்கமான மஞ்சள் நிறக் கருவி. ஸ்டட் ஃபைண்டர் என்று பெயர் போட்டு விற்கிறார்கள். வால் டிடெக்டர் என்றும் சொல்கிறார்கள். சுவரில் வைத்து நகர்த்தினால், உள்ளே மரச்சட்டமோ இரும்போ மின்சார ஒயரோ இருக்கும் இடத்தில் 'பீப்' என்று கத்தும். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். இரண்டு புள்ளிகள் மேலும் மேலும் கீழுமாக ஓட்டினேன். சத்தம் இல்லை. "போடுங்க தம்பி, உள்ளே ஒண்ணும் இல்லை" என்றேன், ஸ்கேன் ரிப்போர்ட் படிக்கும் டாக்டரின் தோரணையில்.

முதல் துளை ஒழுங்காக இறங்கியது. இரண்டாவதில் செங்கல்லைக் குடையும் சத்தம் திடீரென்று மெத்தென்று மாறியது. பிட்டை வெளியே இழுத்ததும் அதன் பின்னாலேயே தண்ணீர் பீய்ச்சியடித்தது. மொட்டைமாடிக்கு ஓடினால், பல வருடம் யாரும் தொடாத கேட் வால்வு துருவேறி இறுகிக் கிடந்தது. அதைத் திருகி மூடுவதற்குள் சமையலறை தாண்டிக் கூடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாள் டைல்ஸை உடைத்துப் பார்த்தோம். இளமஞ்சள் நிற சி.பி.வி.சி. குழாயின் நட்ட நடுவில், அளவெடுத்துப் போட்டது போல ஒரு துளை. "நானா இருந்தா மொதல்ல குழாய் எந்தப் பக்கம் போகுதுன்னு கேட்டிருப்பேன் சார். நீங்கதான் மெஷின் பாத்துட்டேன்னீங்க" என்றார் தம்பி. பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இந்தக் கதையைக் கேட்ட நண்பர்கள் அத்தனை பேரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: "மட்டமான கருவி வாங்கினால் அப்படித்தான்." அந்த மௌனத்தை நான் நம்பியிருக்க வேண்டுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஏனென்றால் அவர்களும் அதைத்தான் நம்புகிறார்கள். வீட்டு வேலைகளைத் தாங்களே செய்துகொள்ளும் பழக்கம் பரவிவரும் இந்தக் காலத்தில் ஒரு சூத்திரம் எல்லோர் வாயிலும் இருக்கிறது: துளை போடும் முன் டிடெக்டரை ஓட்டு, சத்தம் வந்தால் தள்ளிப் போடு, வராவிட்டால் தைரியமாகப் போடு. இதில் முதல் இரண்டு வரிகளோடு எனக்குச் சண்டை இல்லை. மூன்றாவது வரி தவறு, ஆபத்தான தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இந்தக் கருவி எந்தச் சுவருக்காகப் பிறந்தது என்று முதலில் பார்க்கலாம். பெயரிலேயே அது இருக்கிறது. ஸ்டட் என்பது அமெரிக்க வீடுகளின் சுவருக்குள் செங்குத்தாக நிற்கும் மரச்சட்டம். அங்கே பெரும்பாலான வீடுகள் மரக்கூட்டால் ஆனவை. ஒரு சட்டத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு வழக்கமாக 16 அங்குலம், சில வீடுகளில் 24. இந்தச் சட்டங்களின் மேல் அரை அங்குல ஜிப்சம் பலகையை அடித்து மூடிவிடுவார்கள். வெறும் பலகையில் ஆணி அடித்தால் கனம் தாங்காது, அலமாரியோ டி.வி.யோ மாட்ட வேண்டுமானால் பின்னால் இருக்கும் மரத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஒரு காலத்தில் விரலால் தட்டிப் பார்த்தார்கள். பலகையைப் பிடித்திருக்கும் ஆணிகளைச் சிறு காந்தத்தால் தேடினார்கள். 1978-ல் மின்னணுக் கருவிக்குக் காப்புரிமை கிடைத்தது.

அதன் தத்துவம் எளிது. கருவிக்குள் இருக்கும் உலோகத் தகடுகள் எதிரே உள்ள பொருளின் மின்தேக்குத் திறனை அளக்கின்றன. பலகைக்குப் பின்னால் காற்று மட்டும் இருந்தால் ஓர் அளவு. மரம் வந்தால் அளவு கூடும். அந்த வித்தியாசம்தான் 'பீப்'. அதாவது கருவி மரத்தை 'பார்ப்பது' இல்லை. தொடங்கிய இடத்துக்கும் இப்போது இருக்கும் இடத்துக்கும் உள்ள மாறுதலை மட்டும் சொல்கிறது. பட்டனை அழுத்தியதும் அது எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தையே 'வெற்றிடம்' என்று எடுத்துக்கொள்ளும். தற்செயலாக ஒரு சட்டத்தின் மேல் வைத்துத் தொடங்கினால் அந்தச் சட்டம்தான் அதன் பூஜ்யம். அப்புறம் சட்டத்தின் மேலேயே எவ்வளவு தேய்த்தாலும் வாயைத் திறக்காது. எடைக்கல்லே குறைந்திருந்தால் தராசு என்ன செய்யும்?

இது அமெரிக்கச் சுவரிலேயே உள்ள சிக்கல். அங்கே விற்கும் கருவிகளின் கையேட்டை எடுத்துப் படித்தால், இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழத்தில் உள்ள ஒயரும், உலோகக் குழாய்க்குள் போகும் ஒயரும், உலோகப் படலத்துக்குப் பின்னால் உள்ள ஒயரும் தென்படாமல் போகலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பார். ஒயருக்குப் பக்கத்தில் வேலை செய்யும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டே செய்யுங்கள் என்றும் இருக்கும். கருவியைச் செய்தவருக்கு இல்லாத நம்பிக்கை வாங்கியவருக்கு எங்கிருந்து வந்தது? கையேட்டைப் படிக்காததிலிருந்து வந்தது.

மேலை நாடுகளின் கட்டட விதிகளும் கருவியை நம்பி எழுதப்படவில்லை. அமெரிக்க மின் விதிப்படி, மரச்சட்டத்தைத் துளைத்து ஒயரைக் கொண்டுபோகும்போது துளை சட்டத்தின் விளிம்பிலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்குள் இருந்தால், அந்த இடத்தில் ஓர் இரும்புத் தகட்டை அடிக்க வேண்டும். பின்னாளில் யாராவது ஆணியோ திருகோ இறக்கினால் அது தகட்டில் முட்டி நிற்கும். பிரிட்டனில் சுவரின் பரப்பிலிருந்து 50 மில்லிமீட்டருக்குக் குறைவான ஆழத்தில் ஒயர் போனால், குறிப்பிட்ட பாதைகளில் மட்டுமே போகலாம்: சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேல், நேர் கீழ், நேர் பக்கவாட்டு, கூரையை ஒட்டியும் சுவர் மூலையை ஒட்டியும் 150 மில்லிமீட்டர் பட்டை. அதை மீறினால் உலோகக் காப்பு போன்ற வேறு பாதுகாப்பு வேண்டும். பாதுகாப்பைச் சுவருக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட்டு, அதற்கு மேல் ஒரு துணையாகத்தான் கருவியை வைத்திருக்கிறார்கள். நாம் துணையை மட்டும் இறக்குமதி செய்திருக்கிறோம்.

இப்போது நம் சுவருக்கு வருவோம். ஒன்பது அங்குலமோ நாலரை அங்குலமோ செங்கல், இருபுறமும் சிமென்ட் பூச்சு. உள்ளே காற்றிடைவெளி கிடையாது. மரச்சட்டமும் கிடையாது. கருவிக்கு 'வெற்றிடம்' என்று காட்ட ஓரிடம்கூட இல்லை. செங்கல் ஒரு மாதிரி, நடுவில் உள்ள சாந்து இன்னொரு மாதிரி, ஈரம் ஏறிய இடம் வேறொரு மாதிரி. தண்ணீரின் மின்காப்பு மாறிலி ஏறக்குறைய 80, காற்றுக்கு 1. ஆகவே மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவரில் மர மோடில் ஓட்டினால், ஈரம் எங்கே அதிகமோ அங்கே மரம் இருப்பதாகக் கருவி சத்தியம் செய்யும். ஹாலோ பிளாக் சுவரில் ஒவ்வொரு கல்லின் பொந்தும் ஒரு செய்தி சொல்லும். இந்த மோடு நம் செங்கல் சுவரில் வெறும் விளையாட்டுச் சாமான்.

சரி, இரும்பையும் மின்சாரத்தையும் தேடும் மோடுகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, அவற்றால் பயனும் உண்டு. ஆனால் நம் கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் சுவருக்குள் என்ன செய்துவைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். செங்கல்லில் காடி வெட்டி, பி.வி.சி. பைப்பைப் பதித்து, அதற்குள் ஒயரை இழுக்கிறார்கள். காடி வெட்டிய இடத்தில் பூச்சு விரிசல் விடாமலிருக்க அதன் மேல் சிக்கன் மெஷ் என்ற கம்பிவலையை அடித்துவிட்டுப் பூசுகிறார்கள். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்திலும் அதே வலைதான். ஆக, ஒயர் போகும் பாதைக்கு மேலேயே ஓர் இரும்புத் திரை. உலோக மோடில் வலை முழுக்க ஒரே கூச்சல். எது வலை, எது ஒயர் என்று பிரித்தறிய வழியில்லை. மின்சார மோடிலோ, ஒயரிலிருந்து வரும் மின்புலத்தை அந்த வலை மறைத்துவிடக்கூடும். எச்சரிக்கை தேவைப்படும் அதே இடத்தில் ஒரு மோடு ஓயாமல் கத்துகிறது, இன்னொன்று ஊமையாகிறது.

புதிய அடுக்குமாடிகளில் கதை இன்னும் மோசம். மைவான் முறையில், அலுமினிய அச்சுக்குள் சுவரையே காங்கிரீட்டாக வார்க்கிறார்கள். செங்கல்லே கிடையாது, சுவர் முழுக்கக் கம்பி வலைப்பின்னல், அதற்கிடையே மின் பைப்புகள். அங்கே உலோக மோடு ஓயாது. ஓயாமல் கத்தும் கருவியை யாரும் நெடுநேரம் மதிப்பதில்லை. "இது எப்பவும் இப்படித்தான் கத்தும்" என்று சொல்லிக்கொண்டே துளை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக் குழாய்க்கு வருகிறேன். பழைய வீடுகளில் ஜி.ஐ. குழாய், இரும்பு, ஆகவே உலோக மோடில் அகப்படும். இன்றைக்குப் பதிப்பதோ சி.பி.வி.சி. அதில் உலோகம் இல்லை, மின்சாரம் இல்லை, மரமும் இல்லை. என் கருவிக்குத் தெரிந்த மூன்று பாஷைகளிலும் அந்தக் குழாய்க்குப் பெயர் கிடையாது. அது பேசாமல் இருந்தது கோளாறினால் அல்ல. அதற்குச் சொல்ல எதுவும் தெரியாததால். நண்பர்கள் கருவியைக் குற்றம் சொன்னார்கள். ஊர் பெயரே தெரியாதவனிடம் வழி கேட்டுவிட்டு, அவன் சும்மா நின்றதை "நேரே போ" என்று எடுத்துக்கொண்டது நான்தான்.

மின்சார மோடு எப்போதெல்லாம் வாயடைத்துப் போகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அது தேடுவது ஒயரை அல்ல, ஒயரில் ஏறியிருக்கும் மின்னழுத்தத்தை. லைட் சுவிட்ச் அணைந்திருந்தால், சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் ஒயரில் அழுத்தம் இல்லை. கருவிக்கு அந்த ஒயரே இல்லை. கீசர் சுவிட்ச் அணைந்திருந்தால் கீசர் ஒயர் இல்லை. நியூட்ரலும் எர்த்தும் எப்போதுமே அதன் கண்ணில் படுவதில்லை. கரண்ட் போன நேரத்தில் முழு வீட்டுக்கும் மௌன விரதம். பேட்டரி இறங்கினாலும் அப்படியே. ஒயர் ஆழமாகப் போனாலும் அப்படியே. இத்தனை காரணங்களால் வரக்கூடிய ஒரே மௌனத்துக்கு, "உள்ளே ஒன்றுமில்லை" என்ற ஒரே பொருளை எப்படிக் கொடுப்பது? திருடனைப் பார்த்தேன் என்பவன் சொல்லுக்கு மதிப்புண்டு. பார்க்கவில்லை என்பவனிடம், அந்த நேரத்தில் விழித்திருந்தாயா, விளக்கு எரிந்ததா என்று கேட்காத நீதிபதி உண்டா?

இதற்கு வரும் முதல் பதில், "நல்ல கருவியாக வாங்கிக்கொள்ளலாமே." ரேடார் அலையை அனுப்பித் தேடும் கருவிகள் இருக்கின்றன. காங்கிரீட்டுக்குள் பல அங்குல ஆழத்தில் உள்ள கம்பியைக் காட்டும். தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் குழாயைக்கூடக் காட்டும். தொழிலாக இதைச் செய்பவர்கள் வாங்கத்தான் வேண்டும். ஆனால் அதிலும் காங்கிரீட், ஹாலோ பிளாக், பலகைச் சுவர் என்று சுவரின் வகையை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். தவறாகச் சொன்னால் தவறாகவே காட்டும். ஈரக் காங்கிரீட் அதன் எட்டும் தூரத்தைக் குறைக்கும். தண்ணீர் இல்லாத பிளாஸ்டிக் குழாயைக் காண்பது அதற்கும் கடினம். தொட்டி காலியான நாளில் உங்கள் குழாயும் காலிதானே. விலை ஏற ஏற மௌனத்தின் பரப்பு சுருங்குகிறது, ஒழிவதில்லை. அதோடு, வருடத்துக்கு நாலு துளை போடும் குடும்பத்திடம் பல ஆயிரம் ரூபாய்க் கருவியை வாங்கச் சொல்வது அறிவுரை ஆகாது.

இரண்டாவது பதில் இன்னும் பரவலானது: "மெயினை ஆஃப் பண்ணிட்டா வேலை முடிஞ்சுது. எதுக்கு இந்தக் கருவி எல்லாம்?" மெயினை நிறுத்துவது மிக அவசியம். ஆனால் அதோடு முடிவதில்லை. முதலில், அது குழாய்க்கு ஒன்றும் செய்யாது. ஒயர் அறுபடுவதையும் தடுக்காது. அடுத்து, நம் வீடுகளில் மெயினை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடுமா? கரண்ட் கட் காலங்கள் நமக்குத் தந்துவிட்டுப் போன இன்வெர்ட்டர் என்ன செய்யும்? மெயின் நின்ற அடுத்த நொடி, கடமை தவறாமல் அது விழித்துக்கொள்ளும். ஃபேன், லைட், டி.வி. லைன்களில் மறுபடியும் 230 வோல்ட். மும்முனை இணைப்புள்ள பழைய வீடுகளில் ஒரு பேஸின் ஃப்யூஸை மட்டும் பிடுங்கிவிட்டு முழு வீடும் அணைந்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. அடுக்குமாடியிலோ பொதுச் சுவரின் மறுபக்கம் அடுத்த வீட்டுக்காரரின் மெயினுக்குக் கட்டுப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் ஒளிந்திருக்கிறது. பத்திரமாக இருக்க வேண்டும் என்று மெயினை முதலில் அணைத்துவிட்டு, பிறகு சாவகாசமாகக் கருவியை ஓட்டுபவர் பலர். அவர்கள் தங்கள் கருவியின் கண்ணைத் தாங்களே கட்டிவிட்டுத் தேடச் சொல்கிறார்கள். தேடும்போது சுவருக்குள் மின்சாரம் இருக்க வேண்டும். துளைக்கும்போது இருக்கக் கூடாது. இந்த வரிசை மாறினால் கருவியும் வீண், எச்சரிக்கையும் வீண்.

மூன்றாவது பதில், "ஏதாவது ஆனால் எம்.சி.பி. டிரிப் ஆகிவிடும்." இந்த நம்பிக்கைதான் எனக்கு மிகவும் பயம் தருகிறது. எம்.சி.பி. ஒயரைக் காக்க வந்தது, உங்களைக் காக்க அல்ல. 230 வோல்ட் ஒரு மனித உடல் வழியே பாயும்போது ஓடும் மின்னோட்டம், ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றியே இருக்கும். ஆளைக் கொல்ல அது தாராளம். 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கோ அது ஒரு இருபது, முப்பது வாட் பல்பு எரிவது போல, அசைந்துகொடுக்காது. மனிதனைக் காக்க வந்தது ஆர்.சி.சி.பி.; 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும். அது இல்லாத வீடு இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. கசிவு உங்கள் உடல் வழியாகப் போனால்தான் அதற்குத் தெரியும் என்ற நிலையில், முதல் அடியை வாங்குவது நீங்கள்தான். ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால், தரைக்குக் கசிவு இல்லாதவரை அதற்கு நீங்களும் ஒரு பல்புதான்.

எதுவுமே டிரிப் ஆகாத விபத்துதான் மிகக் கொடியது. பிட் ஒயரின் உறையை மட்டும் சீவிவிட்டு நிற்கிறது. அல்லது திருகின் முனை பேஸ் ஒயரைத் தொட்டபடி காய்ந்த சுவருக்குள் உட்காருகிறது. விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, வேலை முடிந்ததென்று கூலியும் கொடுத்தாயிற்று. அந்தத் திருகில் மாட்டிய இரும்பு ஸ்டாண்டில் அன்று முதல் மின்சாரம் குடியிருக்கிறது. ஈரக் கையோடு யாராவது தொடும் நாளுக்காக அது காத்திருக்கும். துளை போட்ட அன்றைக்கு எதுவும் நடக்கவில்லை என்பதை வைத்து அந்தத் துளை நல்ல துளை என்று சொல்ல முடியாது.

நான்காவது பதில் எதிர்த் திசையிலிருந்து வருகிறது. "முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். தட்டிப் பாத்தா தெரியும். கருவி எல்லாம் கத்துக்குட்டிங்களுக்கு." இவர்கள் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு, ஆர்.ஓ. மாட்ட வந்த தம்பியின் கேள்வி என் கருவியைவிடப் புத்திசாலித்தனமானது என்று ஏற்கெனவே ஒப்புக்கொண்டேன். ஒயர் எப்படிப் போகும் என்ற மனக்கணக்கு அவர்களிடம் இருக்கிறது. சீலிங் பாக்ஸிலிருந்து சுவிட்ச் போர்டுக்கு நேராக இறங்கும். போர்டிலிருந்து கீழே உள்ள பிளக்குக்கு நேராகப் போகும். ஒழுங்காகக் கட்டிய வீட்டில் இந்தக் கணக்கு பொய்க்காது. ஆனால் பைப்பை மிச்சப்படுத்த ஒரு போர்டிலிருந்து இன்னொரு போர்டுக்குக் குறுக்காக, சாய்வாகக் காடி வெட்டிய காண்ட்ராக்டர் ஒருவர் நம் எல்லோர் வீட்டு வரலாற்றிலும் இருக்கலாம். ஏ.சி.க்காகப் பிற்பாடு இழுத்த லைன், அகற்றிய போர்டை மூடிப் பூசிவிட்டு உள்ளேயே விட்ட உயிருள்ள ஒயர், இவையெல்லாம் எந்த மனக்கணக்கிலும் வராது. அங்கேதான் கருவி எழுப்பும் ஒரு 'பீப்' அனுபவத்தைவிடப் பெரிதாகிறது. தட்டிக் கேட்பதும், கருவி மௌனமாக இருப்பதும், 'இதுவரை ஒன்றும் ஆகவில்லை' என்பதும் ஒரே ஜாதி வாதங்கள். மூன்றுமே காணாததை இல்லாததாகக் கொள்கின்றன.

அப்படியானால் கருவியைத் தூக்கிப் போடச் சொல்கிறேனா? இல்லை. அதன் இடத்தில் அதை வைக்கச் சொல்கிறேன். நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் கண். துளை போடும் இடத்துக்கு மேலும் கீழும் பக்கவாட்டிலும் சுவிட்ச், பிளக், ஃபேன் பாயிண்ட், குழாய், ஷவர், கீசர் எங்கே இருக்கின்றன என்று பார்க்கிறேன். சுவரின் மறுபக்கத்துக்கும் போய்ப் பார்க்கிறேன். சமையலறைச் சுவரின் முதுகில் குளியலறை இருந்தால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். இவற்றுக்கு நேர்கோட்டில் உள்ள பட்டைகளைத் தவிர்த்துவிடுகிறேன், கருவி என்ன சொன்னாலும். எத்தனை சென்டிமீட்டர் தள்ளலாம் என்று யோசிக்கும் இடத்தில் தாராளமாகத் தள்ளுகிறேன். காலண்டர் நாலு விரற்கடை நகர்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

பிறகு கருவி. வீட்டில் உள்ள லைட், ஃபேன், கீசர் சுவிட்ச் எல்லாவற்றையும் போடுகிறேன். மோதிரம், வாட்ச் கழற்றி வைக்கிறேன். கருவியை முதலில் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, ஒயர் இருப்பது உறுதியான இடத்தில் ஓட்டுகிறேன். அங்கே அது கத்தாவிட்டால் இந்தச் சுவரில் அதன் பேச்சுக்கு மதிப்பில்லை, பெட்டிக்குள் போய்விடும். கத்தினால் வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன். சந்தேகமில்லாத ஓர் இடத்தில் வைத்துத் தொடங்கி, சுவரோடு தட்டையாகப் பிடித்து, மெதுவாக, இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ் என்று பல கோடுகளில் ஓட்டுகிறேன். தொடங்கும் இடத்தை மாற்றி இன்னொரு முறை. சுவர் முழுக்கக் கத்தினால் மறு கையைச் சற்றுத் தள்ளிச் சுவரில் வைத்துப் பார்க்கிறேன். பரவிக் கிடக்கும் மின்தடம் அடங்கிச் சில நேரம் சரியான இடம் தெரியும். எங்கே கத்தினாலும் பென்சிலால் குறிக்கிறேன். கத்தாத இடத்தை 'பத்திரம்' என்று குறிப்பதில்லை. 'இன்னும் தெரியாது' என்று மனதில் வைத்துக்கொள்கிறேன்.

அதன் பிறகே மெயின், கூடவே இன்வெர்ட்டர். பக்கத்துப் பிளக்கில் மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரால் பார்க்கிறேன். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை மெயினை அணைக்கும் முன்பே உயிருள்ள பிளக்கில் சோதித்திருப்பேன், ஏனென்றால் டெஸ்டரின் இருட்டும் ஒரு மௌனம்தான். தண்ணீர் உள்ள சுவரானால் மாடி வால்வை மூடிவிட்டு, கீழே குழாயைத் திறந்து வடியவிடுகிறேன். பேட்டரியில் ஓடும் டிரில், கண்ணாடியும் முகக்கவசமும்.

கடைசியாக ஆழம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஆற்றுக்குச் சொன்னது சுவருக்கும் பொருந்தும். ரால் பிளக்கின் நீளத்தை பிட்டில் அளந்து, அந்த இடத்தில் டேப் சுற்றிவிடுகிறேன். கனமில்லாத படத்துக்கு 35 மில்லிமீட்டர் போதும் என்றால் 70 எதற்கு? முதலில் சின்ன பிட், மெதுவான வேகம். செங்கல்லின் சிவப்புத் தூள் வரும்வரை பூச்சு. அதன் பின் கை கொஞ்சம் கவனமாக வேண்டும். சத்தம் மாறினாலோ, பிட் திடீரென்று மெத்தென்று இறங்கினாலோ, இரும்பில் முட்டினாலோ நிறுத்திவிடுகிறேன். தூணில் முட்டினால் அது பெரும்பாலும் உள்ளிருக்கும் கம்பி. தூணில் கம்பிக்கு மேல் 40 மில்லிமீட்டர் காங்கிரீட் உறை இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. அதை அறுத்துக்கொண்டு போவது வீரமல்ல, கட்டடத்துக்குச் செய்யும் கேடு.

இவ்வளவு சிரமமா என்று கேட்பீர்கள். மொத்தம் பதினைந்து நிமிஷம். என் வீட்டில் உடைத்த டைல்ஸுக்கு ஜோடி இன்றுவரை கிடைக்கவில்லை. சிங்குக்கு மேலே வேறு நிறத்தில் நாலு டைல்ஸ் இருக்கின்றன. வீட்டுக்கு வருபவர்கள் டிசைன் என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொத்தனார் பூச்சு வேலை தொடங்குவதற்கு முந்தின நாள், ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு அறைக்கும் போய், ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படம் எடுங்கள். காடியும் பைப்பும் குழாயும் வெளியே தெரியும் ஒரே நாள் அது. தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் அளவு தெரியும்படி டேப்பை விரித்துப் பிடிக்கச் சொல்லி எடுங்கள். அறையின் பெயரை எழுதி, குடும்பத்தில் இரண்டு பேரிடமாவது வைத்துவிடுங்கள். ஃபிளாட் வாங்குகிறவர்கள் கட்டுநரிடம் மின் வரைபடத்தையும் குழாய் வரைபடத்தையும் சாவி வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்; பிறகு கிடைக்காது. அந்தப் படங்களுக்குச் செலவு ஒன்றுமில்லை. அவற்றில் குழாய் இருக்கும் இடத்தில் குழாய் தெரியும். வெறும் செங்கல் தெரியும் இடத்தில், அன்றைக்கு வெறும் செங்கல்தான்.

கடைக்காரர் விற்கும் கருவி எதுவும் இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாது.